பாரிஷ் கவுன்சிலில் இரண்டு நாற்காலி காலி

இங்கிலாந்தின் கிராமங்களில் குடியேறியிருக்கும் தமிழ் மக்களுக்கு,

வணக்கம். லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, சஃபோக்கில் ஒரு கிராமத்தில் வீடு வாங்கி வந்தவன் நான். வீட்டு விலை, பிள்ளைக்கு ஓடியாட இடம், வீட்டிலிருந்தே வேலை என்று உங்களுக்கு இருந்த காரணங்கள்தான் எனக்கும். வந்து ஆறு வருடம் ஆகிறது. அதில் மூன்று வருடமாக எங்கள் ஊர் பாரிஷ் கவுன்சிலில், அதாவது ஊரளவிலான சின்ன உள்ளாட்சி மன்றத்தில், உறுப்பினராக இருக்கிறேன்.

இந்த மடலை எழுத வைத்தது போன மாதம் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஒரு வாக்குவாதம். பக்கத்து ஊர் நண்பர் ஒருவர், "எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில் நாற்பது வீடு கட்ட அனுமதி கொடுத்துவிட்டார்கள், எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்று கொதித்திருந்தார். கேட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் தாள் ஒட்டிக் கேட்டிருக்கிறார்கள். அவர் ஊர் பாரிஷ் கவுன்சிலின் மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்பை, எடுத்துப் பார்த்தேன். விண்ணப்பம் அஜெண்டாவில் ஏழாவதாக இருந்தது. "வந்திருந்த பொதுமக்கள்" என்ற இடத்தில் யாரும் இல்லை என்று எழுதியிருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் மூன்று வருடம் நானும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன். பாரிஷ் என்ற சொல்லைப் பார்த்ததும் நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். ஊரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு முழுக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள். பங்கு, பங்குத்தந்தை, பங்குப் பேரவை என்று கேட்டு வளர்ந்தவனுக்கு பாரிஷ் என்றால் கோயில் காரியம்தானே. ஒரு காலத்தில் இங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கிறது. வெஸ்ட்ரி என்ற பெயரில் சர்ச்சில் கூடியவர்களே ஊர்ப் பாதை முதல் ஏழைகளுக்கான உதவி வரை கவனித்தார்கள். 1894இல் வந்த சட்டம் அதைப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலை உண்டாக்கியது. பெயரும் எல்லையும் மட்டும் ஒட்டிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்போது இங்கிலாந்தில் இப்படிச் சுமார் பத்தாயிரம் கவுன்சில்கள் இருக்கின்றன.

நம் ஊராட்சி மன்றத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டி இல்லை, மோட்டார் ஆப்பரேட்டர் இல்லை, நூறு நாள் வேலை இல்லை. ரோட்டுப் பள்ளம் மொத்த சஃபோக்குக்குமான கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. குப்பைத் தொட்டி எடுப்பது அதைவிடச் சின்னப் பகுதிக்கான டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். பள்ளிக்கூடமும் கவுண்டிதான். பாரிஷ் கவுன்சிலின் கையில் இருப்பது பெஞ்சு, பஸ் நிழற்குடை, விளையாட்டுத் திடல், ஊருக்கு ஊர் வேறுபடும் சில தெருவிளக்குகள், இடுகாடு, போர் நினைவுச் சின்னம், காய்கறி போட வாடகைக்கு விடும் அலாட்மெண்ட் துண்டு நிலங்கள். பனிக்காலத்துக்கு உப்புப் பெட்டி. நாய்க் கழிவுத் தொட்டி. சிரிக்காதீர்கள், எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் பேசப்பட்ட பொருள் எது என்று கணக்கெடுத்தால் நாய்க் கழிவுத் தொட்டி முதல் மூன்றுக்குள் வரும்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மாதத்தின் இரண்டாவது செவ்வாய், மாலை 7.30, வில்லேஜ் ஹாலின் பின்பக்க அறை. பகலில் அங்கே பிளேகுரூப் நடக்கும், அதனால் சுவரெல்லாம் சின்னக் கைகளின் சாயத் தடங்கள். ஹீட்டர் காசு போட்டால்தான் ஓடும். ஏழு பேருக்கான கவுன்சில், ஐந்து பேர் இருக்கிறோம். நாற்பத்து நான்கு வயதில் நான்தான் அங்கே சின்னப் பையன். எல்லாரும் சம்பளமில்லாமல் வருகிறவர்கள். சம்பளம் வாங்குவது கிளார்க் ஒருவர் மட்டும், வாரத்துக்குப் பத்து மணி நேர வேலைக்கு.

முதல் கூட்டத்தில் அஜெண்டாவைக் கையில் வாங்கியதும் எனக்குக் குழப்பம். முதல் வரியே அப்பாலஜிஸ். எடுத்த எடுப்பிலேயே யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வர முடியாதவர்கள் சொல்லி அனுப்பியதைப் படிப்பதாம். அடுத்து, பேசப்போகும் பொருளில் யாருக்காவது சொந்த நலன் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறவர் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். எங்கள் விவசாயி உறுப்பினர் தன் வயலை ஒட்டிய நடைபாதை பற்றிப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சிகரெட்டோடு நிற்பார். முடிந்ததும் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுவோம்.

அப்புறம் பெஞ்சு. போர் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் இருந்த மரப் பெஞ்சின் கால் ஒன்று அரித்துப்போய்விட்டது. ஓக் மரத்தில் வாங்குவதா, பிளாஸ்டிக்கில் வாங்குவதா என்று நாற்பது நிமிடம் ஓடியது. மரக்காலைப் புல்வெட்டும் ஆளின் நைலான் கயிறு சீவிச் சீவித்தான் கெடுத்தது என்றார் ஒருவர். பிளாஸ்டிக் என்றால் பெஞ்சில் பெயர் பொறித்திருக்கும் குடும்பத்துக்கு மனம் வருந்தும் என்றார் இன்னொருவர். ஆபீஸில் பெரிய பெரிய பட்ஜெட்டை இருபது நிமிடத்தில் முடிக்கிறவன் நான், பொறுமையே போய்விட்டது. மறுவாரம் பஸ்ஸில் வந்து இறங்கியபோதுதான் கவனித்தேன். ஸ்டாப்பிலிருந்து மேட்டுத் தெருவுக்கு ஏறும் வழியில் உட்கார வேறு இடமே கிடையாது. கடைப் பையோடு ஒரு பாட்டி அந்த உடைந்த பெஞ்சின் நல்ல பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கவுன்சிலில் எனக்கென்று கொடுத்த வேலை டெலிபோன் பெட்டி. பழைய சிவப்புப் பெட்டிதான். யாரும் பயன்படுத்தாத பெட்டிகளை பிரிட்டிஷ் டெலிகாம் ஒரு பவுண்டுக்கு ஊர்களுக்குக் கொடுத்துவிடுகிறது. எங்கள் ஊர் அப்படி வாங்கிய பெட்டிக்குள் டீஃபிப்ரிலேட்டர் வைத்திருக்கிறது, நின்றுபோகும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் ஊர்களில் இதுதான் முதல் உதவி. ஞாயிறு காலை பால் வாங்கப் போகிற வழியில் கதவைத் திறந்து, சிலந்தி வலையைத் தட்டிவிட்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். மார்பில் ஒட்டும் பேடுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் படிப்பேன். இரண்டு நிமிட வேலை. போன குளிர்காலத்தில் ஒருநாள் பச்சை விளக்கு எரியவில்லை. அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியதை எந்த வேலையிலும் அனுபவித்ததில்லை. போன ஞாயிறு மழை என்று நான் போகவில்லை, அப்படியானால் எத்தனை நாளாக அணைந்து கிடக்கிறது? கிளார்க்குக்கு போன் போட்டேன். அவசரச் செலவுக்கு அவருக்கு இருக்கும் அனுமதியில் பேட்டரி வாங்கி வியாழனுக்குள் மாட்டிவிட்டோம். அதன் பிறகு மழை என்றும் பனி என்றும் நான் பார்ப்பதில்லை.

நம்மவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து, "நீங்க சேர்மனிடம் ஒரு வார்த்தை சொன்னா நடந்துடுமே" என்பார்கள். ஊர்ப் பழக்கம், தலைவரைப் பார்த்தால் காரியம் முடியும். இங்கே சேர்மனுக்குக்கூடத் தனியாக ஒரு முடிவெடுக்க அதிகாரமில்லை. கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்பே அஜெண்டாவை ஒட்ட வேண்டும், அதில் இல்லாத பொருளில் தீர்மானம் போட முடியாது. சேர்மனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. கிளார்க்குக்கு மின்னஞ்சல் போட்டு, அடுத்த அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள். அதுதான் வழி.

இனி அந்த நாற்பது வீட்டு விஷயம். வீடு கட்டும் விண்ணப்பத்தில் முடிவெடுப்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். பாரிஷ் கவுன்சிலிடம் கருத்து மட்டும் கேட்பார்கள், வழக்கமாக 21 நாள் அவகாசம். இதைக் கேட்டதும், "அப்படியானால் என்ன பிரயோசனம்" என்பீர்கள். எங்கள் ஊரிலும் ஒரு விண்ணப்பம் வந்தது. அன்று ஹாலில் பத்துப் பதினைந்து பேர். வீட்டு விலை விழும் என்றார்கள், ஜன்னலிலிருந்து வயல் தெரியாது என்றார்கள். இரண்டுமே செல்லாத காரணங்கள், டிஸ்ட்ரிக்ட் அதிகாரி படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மா தன் போனை நீட்டினார். 2023 அக்டோபரில் பாபெட் புயல் சஃபோக்கைப் புரட்டிப் போட்டதே, அன்று அந்த வயலோரப் பள்ளம் நிறைந்து அவர் வீட்டு வாசற்படி வரை தண்ணீர் வந்து நின்ற படங்கள். தேதியோடு, நேரத்தோடு. அந்தப் படங்களை வைத்து எங்கள் கிளார்க் எழுதிய கடிதம் இரண்டு பக்கம். வெள்ள வடிகாலைப் பார்ப்பது கவுண்டி. அவர்கள் கேள்வி கேட்டார்கள், கட்டுகிறவர்கள் வரைபடத்தைத் திருத்தி மழைநீருக்குக் குளம் சேர்த்தார்கள், வீடுகளும் குறைந்தன. வீடே வரக்கூடாது என்று வந்தவர்களுக்கு இது தோல்விதான். அந்த அம்மாவின் வாசலுக்குத் தோல்வியில்லை.

பக்கத்து ஊர் நண்பரிடமும் இப்படி ஏதாவது படம் இருந்திருக்கலாம். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள், பாரிஷ் கவுன்சிலுக்கென்று தனியாக ஒரு தொகை இருக்கும். பிரிசெப்ட் என்பது அதுதான். எங்கள் கவுன்சிலின் மொத்த வருட வரவு 25,000 பவுண்டுக்குள். அந்த அளவுக்குள் இருக்கும் கவுன்சில்களுக்கு வெளித் தணிக்கையிலிருந்து விலக்கு வாங்க இடமுண்டு. ஆனால் கணக்கைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வருடத்துக்கு 30 வேலை நாட்கள், ஜூலையின் முதல் 10 வேலை நாட்களும் அதில் கட்டாயம் வரும். மூன்று வருடத்தில் எங்கள் கணக்கைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. கிளார்க் அந்த நாட்களில் பிஸ்கட் டப்பா ஒன்று மேஜைமேல் வைத்திருப்பார். அதை நாங்களே தின்றுவிடுகிறோம்.

நம் கிராம சபை போன்ற ஒன்றும் இங்கே உண்டு. மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் வருடாந்தரப் பாரிஷ் கூட்டம். மாலை 6 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்பது சட்டம், வேலைக்குப் போகிறவர்களும் வர வேண்டுமே. வாக்காளர்களுக்கு அதில் பேசும் உரிமையும் கை தூக்கும் உரிமையும் உண்டு. ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் வேறு நாளிலும் இப்படிக் கூட்டலாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இந்த ஊரிலிருந்து ஒன்பது பேர் இருக்கிறோம்.

"நாம் வெளிநாட்டுக்காரர், நமக்கு ஏது இடம்" என்று கேட்பவர்களுக்கு: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், பெயரைப் பதிந்திருக்க வேண்டும். உறுப்பினராக நிற்க, பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும். 18 வயது, அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் அல்லது ஊருக்குள்ளோ மூன்று மைல் சுற்றளவிலோ பன்னிரண்டு மாதக் குடியிருப்பு. கட்சி வேண்டாம். பெரும்பாலும் தேர்தலே நடக்காது. ஒரு இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டுவார்கள். பத்து வாக்காளர்கள் தேர்தல் கேட்கவில்லை என்றால், இருக்கும் உறுப்பினர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். கோ-ஆப்ஷன் என்று பெயர். நான் அப்படி வந்தவன்தான். அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன், ஐந்து நிமிடம் வெளியே நிற்கச் சொன்னார்கள், உள்ளே கூப்பிட்டுக் கை கொடுத்தார்கள்.

2021இல் ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் ஜூம் கூட்டம் உலகம் முழுக்கச் சுற்றியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் கத்திக்கொள்வதும், கூட்டத்தை நடத்த வந்த ஜாக்கி வீவர் அவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்புவதும். அந்த அளவுக்குச் சுவாரசியம் எங்கள் ஊரில் கிடையாது. உச்சரிப்பைப் பார்த்து யாராவது முகம் சுளிப்பார்களா என்றால், ஒருவர் சுளித்தார். அவரோடு சேர்ந்து இரண்டு வருடமாக வண்டிகளின் வேகம் காட்டும் கருவியைக் கம்பத்துக்குக் கம்பம் தூக்கிக்கொண்டு போகிறேன். இப்போது அவர் வீட்டு பிளம் பழம் எங்கள் வீட்டு ஊறுகாயாகிறது.

2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கைப்படி, கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரண்டு அடுக்கும் போய், ஒரே அடுக்கில் பெரிய கவுன்சில்கள் வரப்போகின்றன. அலுவலகம் இன்னும் தூரமாகும். நடந்து போய்ப் பேசக்கூடிய தூரத்தில் மிஞ்சப்போவது இந்தப் பின்பக்க அறைதான்.

எங்கள் ஊரில் இரண்டு நாற்காலி காலி. உங்கள் ஊரிலும் ஒன்றாவது இருக்கும். உறுப்பினராகத்தான் வேண்டும் என்றில்லை, ஒரு மாலை வந்து கடைசி வரிசையில் உட்காருங்கள். பொதுமக்கள் பேசப் பெரும்பாலான ஊர்களில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்பது பஸ் ஸ்டாப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போங்கள், ஹீட்டருக்குச் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சஃபோக்கிலிருந்து உங்களில் ஒருவன்