ஸ்பெயின் போறப்ப வலென்சியாவுல எங்க தங்கலாம்னு கேட்டியே

பாப்பா,

நீ அனுப்புன மூணு ஓட்டல் லிங்கையும் பாத்தேன். மூணுமே பழைய டவுனுக்குள்ள, கதீட்ரலச் சுத்தி கெடக்கு. அங்கேருந்து கடலுக்கு பஸ்ஸோ மெட்ரோவோ புடிக்கணும், நாலு வயசுப் பயலையும் தூக்கிக்கிட்டு வாளி, துண்டு, மாத்துத் துணின்னு தெனமும் அந்த அலைச்சல் வேணுமா? எங்க கப்பல் வலென்சியா துறைமுகத்துல கட்டுறப்பல்லாம் நான் சும்மா நடந்து போய்ட்டு வர்ற ஏரியா ஒண்ணு உண்டு, கபன்யால்னு பேரு, துறைமுகத்துக்கு வடக்க ஒட்டுனாப்புல. அங்க தேடு.

அது பழைய மீனவக் குப்பம்மா. பேரே குடிசைங்கிற வார்த்தைலேருந்து வந்ததுதான். 1897 வரைக்கும் தனி ஊரா இருந்துச்சு, பெறவுதான் வலென்சியாவோட சேத்துக்கிட்டாங்க. தெருவெல்லாம் கடலுக்கு இணையா நீளமா ஓடும், சின்னச் சின்ன மாடி வீடு, முகப்பு பூரா பச்சை நீலம் மஞ்சள்னு டைல்ஸ், சாயங்காலமானா கெழவிங்க நாற்காலிய வாசல்ல இழுத்துப் போட்டு பேசிக்கிட்டு இருப்பாங்க, எனக்கு நம்ம ஆச்சி ஞாபகம் வந்துரும். இந்த வீடுகள்ல 1600க்கும் மேல இடிச்சு கடல் வரைக்கும் அகல ரோடு போடணும்னு 1998ல கார்ப்பரேஷன் திட்டம் போட்டுச்சு, ஊர்க்காரங்க விடல, 2015ல ஆட்சி மாறுனப்பறம்தான் அத கைவிட்டாங்க. அதனாலதான் சில தெருவுல அழகான வீட்டுக்குப் பக்கத்துலயே பாதி இடிஞ்ச வீடும் காலி மனையும் இருக்கும், பாத்து பயந்துறாத. ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி ரிவ்யூவுல தெரு எப்டின்னு படிச்சுக்கோ.

இன்னொண்ணு, கடல் பாத்த ரூம் வேணும்னு மாப்பிள்ளை அடம்புடிப்பாரு, எடுக்காதீங்க. பீச் ரோட்டுல வரிசையா ரெஸ்டாரன்ட், ராத்திரி பயல் தூங்க மாட்டான். ரெண்டு மூணு தெரு உள்ள தள்ளி எடுத்தா போதும், கடல் நடை தூரம்தான். அபார்ட்மென்ட்னா சுற்றுலா லைசன்ஸ் நம்பர் போட்டுருக்கான்னு பாரு. வீடெல்லாம் டூரிஸ்ட்டுக்குப் போயி வாடகை ஏறிப்போச்சுன்னு அங்க உள்ளவங்களுக்கு ஏற்கெனவே கடுப்பு, அதுல நியாயமும் இருக்கு.

ரொம்ப அமைதியா வேணும்னா இன்னும் வடக்க போ. மால்வரோசா பீச் தாண்டுனா பத்தகோனா, அது அல்போராயாங்கிற பக்கத்து ஊரு எல்லை. மணல் நல்ல அகலம், ஆனா அடுக்குமாடி கட்டடம்தான், எனக்கு அவ்வளவா புடிக்காது. அல்போராயாவுல ஒர்ச்சாத்தா குடிக்காம வராத. நம்ம கோரைக்கிழங்கு ஜாதில ஒண்ணு அங்க வயல்ல வெளையுது, அத ஊறவச்சு அரைச்சு புழிஞ்சு சீனி போட்டு ஜில்லுன்னு தருவாங்க, பார்த்தோன்னு நீளமா ஒரு பன்னு தொட்டுக்க. பேருக்குதான் பால் மாதிரி இருக்கும், பால் ஒரு சொட்டு கெடையாது, பயலுக்கு பால் ஒத்துக்காதுல்ல, தாராளமா குடு.

ஏர்போர்ட்லேருந்து டாக்சி வேண்டாம், 5ஆம் நம்பர் மெட்ரோ நேரா மாரித்தீம் ஸ்டேஷன் வரைக்கும் வரும், அங்கேருந்து டிராம்.

தேதி மட்டும் மறுபடி பாரு. ஜூன் 22 எறங்குறோம்னு போட்டுருக்க. 23ஆம் தேதி ராத்திரி சான் யுவான் திருவிழா, பீச் பூரா சொக்கப்பனை மாதிரி நெருப்பு எரியும், 12 மணிக்கு ஊரே கடல்ல போயி அலைய தாண்டும். நீயும் மாப்பிள்ளையும் தனியா போனா அத விடவே கூடாதுன்னு சொல்லுவேன், பயலோடன்னா ரெண்டு நாள் தள்ளிப் போங்க, இல்ல மத்தியானம் அவன நல்லா தூங்க வச்சுருங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி தெருப் பேர வாட்ஸப்ல போடு, நான் மேப்ல பாத்து சொல்றேன். அம்மா பருப்புப் பொடி பார்சல் போட்டுருக்கா.

அப்பா