நோட்டீஸ் போர்டில் முப்பது நாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொள்கிறவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இப்போது இருக்கிற சட்டம் ரொம்பத் தளர்வானது என்பது அவர் எண்ணம். அந்தச் சட்டத்துக்கு மைதாப் பசை காய்ச்சியவன் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

பதிவுத்துறையில் 33 வருஷம் இருந்துவிட்டு 2015-இல் உதவியாளராக ஓய்வு பெற்றேன். எந்தெந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம். இரண்டு மதத்துக்காரர்கள், யாரும் மாறாமல், அவரவர் மதத்தில் இருந்தபடியே கல்யாணம் செய்ய நினைத்தால் பெரும்பாலும் 1954-ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் வர வேண்டும். அலுவலகத்தில் ‘ஸ்பெஷல் மேரேஜ்’ என்போம். சார்பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பெயர், வயது, தொழில், இருக்கிற விலாசம், நிரந்தர விலாசம் எல்லாம் அதில் இருக்கும். அதை நோட்டீஸ் புத்தகத்தில் ஏற்றுவோம். அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் வந்து காசு கொடுக்காமல் புரட்டிப் பார்க்கலாம். ஒரு நகலைச் சுவரில் ஒட்டுவோம். அப்புறம் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். பெண்ணோ பையனோ வேறு மாவட்டத்துக்காரர் என்றால் இன்னொரு நகல் அந்த ஊர் அலுவலகத்துக்குத் தபாலில் போகும், அங்கேயும் சுவரில் ஒட்ட. அதாவது எந்த ஊருக்குப் பயந்து இங்கே வந்தார்களோ அந்த ஊருக்கே அரசாங்கச் செலவில் தகவல் போய்ச் சேரும்.

இரண்டு பேரும் இந்துக்கள் என்றால் இதெல்லாம் கிடையாது. காலையில் கோயிலில் தாலி, மதியம் எங்களிடம் பதிவு, சாயங்காலம் சினிமா. அப்படிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெண்ணை மட்டும் சொல்கிறேன். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையன் லேத் பட்டறையில் வேலை. யார் எந்த மதம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நான் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள். “சார், கொஞ்சம் உயரமா ஒட்ட முடியுமா?” என்று கேட்டாள். ஸ்டூல் போட்டு ஏறி, வழிகாட்டி மதிப்புச் சுற்றறிக்கை ஒன்றின் ஓரம் பாதியை மறைக்கிற மாதிரி ஒட்டினேன். விதிப்படி அது தவறு. இப்போது யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது என்பதால் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் மறைத்தது இங்கேதானே. இன்னொரு நகல் பழுப்பு உறையில் அவள் ஊருக்குப் போனது. அங்கே சுவரில் ஏறியது. பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் படித்தால் போதாதா? ஒன்பதாம் நாள் ஒரு வேனில் ஆட்கள் வந்தார்கள். எங்களிடம் எந்தச் சண்டையும் போடவில்லை. புத்தகத்தைக் கேட்டார்கள், கொடுத்தோம், கொடுத்தே ஆக வேண்டும். ஹாஸ்டல் விலாசத்தைக் குறித்துக்கொண்டு போனார்கள். முப்பது நாள் முடிந்த அன்று அந்தப் பையன் மட்டும் வந்து மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் நோட்டீஸ் தானாகவே செத்துவிடும். ‘காலாவதி’ என்று சிவப்பு மையில் எழுதியது நான்தான்.

ஆட்சேபணை என்று எதைச் சொல்லலாம் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஏற்கெனவே உயிரோடு துணை இருப்பது, வயது போதாதது, சம்மதம் தரும் மனநிலை இல்லாதது, தடுக்கப்பட்ட உறவுமுறை, இவ்வளவுதான். மதம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் மதத்தைத் தவிர வேறு காரணத்தோடு ஆட்சேபணை வந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அந்த ஒன்றை மறைக்கக் கூடாது: ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்து, “இந்த ஆள் என் புருஷன்” என்றார். நோட்டீஸால் அன்று ஒரு பெண் தப்பித்தாள். சரி, அதற்காகத்தான் நோட்டீஸ் என்றால் எல்லாக் கல்யாணத்துக்கும் ஒட்ட வேண்டாமா? ரெண்டாம் கல்யாணம் ரகசியமாகச் செய்கிறவன் வேறு மதத்தில்தான் பெண் தேடுவானா?

மற்றவை எல்லாம் பண்பாடு, மானம், ஊர்க் கட்டுப்பாடு. ஒரு தடவை இரண்டு மதத்து அமைப்புகளும் ஒரே ஜோடிக்கு எதிராக ஒரே நாளில் லெட்டர்பேடில் மனு கொடுத்தார்கள். மத நல்லிணக்கத்தை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். வேண்டுமென்றே பொய் ஆட்சேபணை கொடுத்தால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான் செலவுத்தொகை. 1954-இல் அது பெரிய பணம். இன்றைக்கு ஒரு வேன் வாடகைக்குக் காணாது.

இந்த முப்பது நாளைத் தாங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? மதம் மாறியதாக ஒரு சான்றிதழ் வாங்கி, ஒரே மதத்துக்காரர்களாகப் பதிந்துவிட்டுப் போவார்கள். சாமி கும்பிடவே விருப்பமில்லாத பையன்கூட அப்படி மாறியிருக்கிறான். இப்படிச் சட்டமே மதம் மாறத் துரத்துகிறது. மாறினால் மேடை போட்டு மதமாற்றம் என்று கத்துகிறார்கள். உத்தரப்பிரதேசத்தில் 2020 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து 2021-இல் முழுச் சட்டமான விதிப்படி, மதம் மாற நினைப்பவர் 60 நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடம் சொல்ல வேண்டும். மாறாமல் கட்டினால் 30 நாள் சுவரில், மாறிக் கட்டினால் 60 நாள் கலெக்டர் மேஜையில்.

நம் தமிழ்நாடும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். 2002-இல் இங்கேயும் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. உடனே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சட்டம் தவறு என்று புரிந்ததாலா, ஓட்டு போனதாலா என்று அப்போது டீக்கடையில் நாங்கள் பேசிச் சிரித்தது நினைவிருக்கிறது.

கல்யாணம் செய்கிறவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தை மாற்றிய ஊரும் இதுதான். என் அப்பா அம்மாவுக்குச் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தீ இல்லை, இரண்டு மாலையும் நாலு பேர் பேச்சும். நான் 57-இல் பிறந்தேன். அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 1968-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அப்படி நடந்த கல்யாணங்களும் செல்லும் என்றார்கள். எனக்குப் பத்து வயதானபோது என் பெற்றோர் சட்டப்படி தம்பதி ஆனார்கள். அப்பா அன்று வீட்டில் கேசரி கிண்டச் சொன்னார்.

ஆனால் 7ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டும்தான். அதற்கு அப்பால் கால் வைக்க அரைநூற்றாண்டாக எந்த ஆட்சிக்கும் மனசு வரவில்லை. திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. அன்றைக்கு மத்தியச் சட்டத்தில் நம் சட்டமன்றம் ஒரு பிரிவைச் சேர்க்க முடிந்தது என்றால், இன்றைக்குச் சுவரில் ஒட்டச் சொல்லும் பிரிவையும் புத்தகத்தைத் திறந்து வைக்கும் பிரிவையும் இந்த மாநிலத்தளவில் நீக்க முடியும். ஜோடி கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது. கேரளத்தில் 2020-இல் இந்த நோட்டீஸ்களை இணையதளத்தில் ஏற்றுவதை நிறுத்தினார்கள். முன்மாதிரி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. என் மனைவிக்கு உண்டு. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு நான்தான் வண்டியில் கூட்டிப் போகிறேன். உள்ளே போகாமல் செருப்புக்குக் காவல் இருப்பேன். பொங்கல் தந்தால் சாப்பிடுவேன். நாற்பது வருஷமாக இந்த ஏற்பாட்டில் எங்களுக்குள் ஒரு சச்சரவும் வந்ததில்லை. எங்கள் வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு பக்தி என்று எந்த அதிகாரியும் வந்து கேட்டதுமில்லை. கடிதம் எழுதிய வாசகர் அந்தப் பெற்றோர் கையெழுத்துப் படிவத்தை அச்சடிக்கச் சொல்வதற்கு முன், பக்கத்துப் பத்திர ஆபீஸுக்கு ஒரு நடை போய் அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு வரட்டும்.

இதைப் பிரசுரித்தால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். கோயிலில் யாராவது என் மனைவியிடம் ஏதாவது கேட்பார்கள். விலாசமும் போன் நம்பரும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அது உங்கள் பார்வைக்கு மட்டும்.

இப்படிக்கு,
பதிவுத்துறையில் ஓய்வு பெற்ற ஓர் உதவியாளர்