மேய்ச்சல் புறம்போக்கில் சீமைக்கருவை அகற்றிய பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கண்மாய்க்குக் கிழக்கேயுள்ள 12 ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கில் மாசியில் தொடங்கிய பணி புரட்டாசியில் முடிந்தது. அனுமதி, அளவீடு, முள் எரிப்பு, வேலி ஆகியவை குறையின்றி நடந்தன.

60,000 ரூபாயில் முடியும் என்ற வேலைக்கு 1,47,000 எப்படிச் செலவானது என்பதே பலரின் கேள்வி. விறகைக் கரிமூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, கூலியின்றித் தூரையும் (வேரோடு கூடிய அடிக்கட்டையையும்) பறித்துத் தருவதாக மூட்டக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். மரத்தை வெட்டி விறகை ஏற்றியவர், தூர் பறிப்பது பேச்சிலேயே இல்லை என்று சொல்லிப் பங்குனியில் போய்விட்டார். பேசியது டீக்கடையில், எழுத்தில் எதுவும் இல்லை. அந்தத் தவறு எங்களுடையது, ஒப்புக்கொள்கிறோம். தூர் கிடந்தால் என்ன என்று அப்போது சொன்னவர்கள், சித்திரையில் ஒரு மழை பெய்ததும் ஒவ்வொரு தூரிலும் நாலைந்து கிளை வெடித்ததை நேரில் பார்த்தார்கள். மண்ணுக்குள் இருக்கும் கழுத்துப் பகுதியோடு பறிக்காவிட்டால் இந்த மரத்துக்கு வெட்டு என்பது கவாத்துதான். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டபோது வெட்டிய இடங்களில், தூர் தங்கிய நிலம் மறுபடி காடானதை நாம் அறிவோம். ஆகவேதான் ஜேசிபி வைத்தோம்: 58 மணி நேரம், மணிக்கு 1,500 வீதம் 87,000 ரூபாய். வண்டி செயலாளரின் மைத்துனருடையது என்பது உண்மை. மூன்று பேரிடம் கேட்டதில் அவருடைய வாடகையே குறைவு என்பதும் உண்மை.

நன்கொடை: மேலத்தெரு ஆட்டுக்காரர்கள் 22,000, கீழத்தெரு ஆட்டுக்காரர்கள் 18,500, துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் 55,000, பால் ஊற்றுவோர் 15,000, பெயர் வேண்டாம் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் 10,000, இதே கருவையில் விறகு வெட்டிப் பிழைத்த நான்கு பெண்கள் தலைக்கு 500. இந்த 2,000 ரூபாயை வாங்கத் தயங்கினோம், அவர்கள் விடவில்லை. மொத்தம் 1,22,500. குறைந்த 24,500 கோவில் நிதியிலிருந்து கைமாற்றாக வாங்கியது. தைக்குள் திருப்ப வேண்டும்.

விதைத்த கொழுக்கட்டைப் புல் வேர்பிடிக்கும் வரை, அதாவது தை முடிய, ஆடுமாடு உள்ளே வரக் கூடாது. சாலையோரக் கருவை நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சேதமில்லாமல் வந்து முளைக்கும் என்பதால், மேய்ச்சலுக்கு நிலத்தைத் திறந்த பிறகும் அத்தகைய ஆடுகளைச் சில நாள் பட்டியில் நிறுத்தி வைத்தே உள்ளே விட வேண்டும். போன வாரம் இரவில் நுழைந்த ஏழு ஆடுகளில் மூன்று குழு உறுப்பினர் ஒருவருடையவை. அவர் அபராதம் கட்டிவிட்டார். மற்ற நான்குக்கு உரியவரும் கட்டினால் ரசீது தரப்படும்.