சத்துருவுக்குக் கஞ்சி, ஸ்டேஷனில் மனு

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சத்துருக்களைச் சிநேகிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "உண்மையான கிறிஸ்தவன் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறமாட்டான்" என்று அதில் ஒரு வரி. எழுதியவர் யாரிடமும் சீட்டுக் கட்டி ஏமாந்ததில்லை போலிருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நான் ஏமாந்தவள். எங்கள் சபையில் எனக்கு முன் பெஞ்சில் உட்காரும் அம்மாதான் சீட்டு நடத்தினார். மகள் கல்யாணத்துக்கென்று கட்டிய பணம். கேட்டால் அடுத்த வாரம் என்பார், அப்புறம் போனே எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார்.

விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வெளியார் முன் வழக்காடக் கூடாது என்று அப்போஸ்தலன் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 6-ஐ எடுத்துக் காட்டுவீர்கள், தெரியும். சகோதரர் வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகியும் இல்லையா என்று பவுல் கேட்பதும் அதே அதிகாரத்தில்தானே? நானும் முதலில் சபைக் கமிட்டியிடம்தான் போனேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அந்தக் கூட்டம் இன்னும் கூடவில்லை. பவுலே தம் வழக்கில் இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டு முறையிட்டவர். நான் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து சபையில் மன்னிக்கத் தெரியாதவள் நான்தான்.

அதே அம்மா உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, கத்திரி வெயிலில் காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து, பாலாற்றுப் பாலம் தாண்டி, பிளாஸ்கில் கஞ்சியும் டப்பாவில் பருப்புத் துவையலும் கொண்டுபோனது யார்? கமிட்டியா? கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் நான்தான் ஸ்பூனால் ஊட்டினேன். நாலு வாய் குடித்துவிட்டு, "அக்கா, மனுவ வாபஸ் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். "கஞ்சி ஆறிப்போகுது, குடிம்மா" என்றேன். சத்துரு பசியாயிருந்தால் போஜனம் கொடு என்கிறது ரோமர் 12:20. கொடுத்தேன். சீட்டுப் பணத்தையும் சேர்த்து விட்டுக்கொடு என்று அந்த வசனத்தில் இல்லை. ஆண்டவரே தம்மைக் கன்னத்தில் அறைந்த சேவகனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று நியாயம் கேட்டார். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவும் ஆண்டவரைச் சந்தோஷமாக வீட்டில் ஏற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான். தங்களுக்குத் தெரியாததா?

கட்டுரையில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவையும் இழுத்திருக்கிறார்கள், அதுவும் பாதிதான். 1999 ஜனவரியில் ஒடிசாவில் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் வண்டியோடு எரித்துக் கொன்றவர்களை அவர் மன்னித்தது உண்மை. அதற்குப் பிறகும் பாரிபதாவில் தங்கி, குஷ்டரோகிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் சுப்ரீம் கோர்ட்டே உறுதி செய்தது. அவருடைய மன்னிப்பு அதனால் குறைந்துபோயிற்றா?

இந்த உபதேசம் எப்போதும் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு மட்டும்தான். சபைத் தேர்தல் வந்தால் இரண்டு கோஷ்டியும் வக்கீலைப் பார்க்க ஓடுகிறார்களே, அப்போது சத்துருக்களைச் சிநேகிக்கச் சொல்லி ஒரு கட்டுரை போட்டிருக்கலாமே. தங்கள் இதழில் வந்த அறுப்பின் பண்டிகை செய்தியிலும் இதே ஓரவஞ்சனைதான். மேடையில் உட்கார்ந்த ஐயாமார் பெயரெல்லாம் வரிசையாக வந்தது. விடியற்காலையிலிருந்து அண்டா முன்னால் நின்று சமைத்த நாங்கள் "மற்றும் சகோதரிகள்". அதைப் பற்றி எழுதிய கடிதத்தைத் தாங்கள் போடவில்லை. பரவாயில்லை, இடமில்லாமல் இருந்திருக்கும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே மத்தேயு 5:54 என்று அச்சாகியிருக்கிறது. அந்த அதிகாரமே 48ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. 5:44 என்று அடுத்த இதழில் திருத்தம் போடவும். கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம், கண்ணில் படுகிற இடத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
காட்பாடி, வேலூர்