"மிக நல்ல நிலை" என்று விற்ற பழைய காமிக்ஸ் பற்றிய முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: வெட்டி, நிறம் தீட்டி, பக்கம் குறைந்த காமிக்ஸ் புத்தகங்களை முழுமையான பிரதி என்று விற்றமை

வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் நிறுவனத்திடமிருந்து நான்கு பழைய தமிழ் காமிக்ஸ் புத்தகங்களை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். நான்குக்குமே "மிக நல்ல நிலை, முழுமையான பிரதி, பழுதுபார்க்கப்படாதது" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தீர்கள். அதை நம்பித்தான் காசு அனுப்பினேன். தொலைபேசியில் முறைப்பாடு சொன்னபோது உங்கள் ஊழியர், "பழைய புத்தகம் எண்டா அப்பிடித்தான் இருக்கும் அண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டார். பழசு என்பதற்காக நான் முறைப்பாடு செய்யவில்லை. அதை எழுத்தில் விளக்க வேண்டியிருப்பதால் இந்தக் கடிதம்.

முதலில், விலையில் பெரும்பங்கு எந்தப் புத்தகத்துக்குப் போனதோ அந்த மாயாவி கதை. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் என்ற இதழ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடுதான். அந்த வருடங்களில் இந்தியச் சஞ்சிகைகளை இறக்குமதி செய்ய இங்கே கட்டுப்பாடு இருந்தது. வந்து சேர்ந்ததே கொஞ்சம். கிழக்கில் அதிலும் பலவற்றை 1978 நவம்பர் சூறாவளி கொண்டுபோனது, பிறகு யுத்தமும் 2004 சுனாமியும் கொண்டுபோயின. அதனால்தான் நீங்கள் சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் சம்மதித்தேன்.

புத்தகத்தைக் கையில் எடுத்தபோதே அதன் ஓரம் சரியில்லை என்று பட்டது. செய்தித்தாள் போன்ற மலிவான தாளில் மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டு அமிலம் கூடக் கூடத் தாள் பழுப்பாகி, நொறுங்கத் தொடங்கும். காற்று முதலில் நுழைவது ஓரத்தால் என்பதால் ஓரம்தான் அதிகம் கறுக்கும், நடுப்பக்கம் வெளிறியே இருக்கும். உங்கள் பிரதியில் மூன்று பக்க ஓரங்களும் வெளிறி, கத்தி வைத்ததுபோல நேராக இருக்கின்றன. என்னிடமுள்ள அதே காலத்து இதழோடு சேர்த்து வைத்தால் அகலமும் குறைவு. சில பக்கங்களில் வசனக் குமிழின் கடைசி எழுத்தே அறுந்து போயிருக்கிறது. மடிந்து கிழிந்த ஓரத்தை யாரோ வெட்டியெடுத்து நேராக்கியிருக்கிறார்கள். இதற்குக் கூரியரைக் குற்றம் சொல்ல முடியாது.

அட்டையின் முதுகில், அதாவது புத்தகம் மடியும் விளிம்பில், வெள்ளைக் கோடுகள் இல்லாததைப் பார்த்து உங்கள் படத்தில் மயங்கியவன் நான். திறந்து பார்க்கும் புத்தகத்தில் முதுகில் சிறு சிறு மடிப்புக் கோடுகள் விழும், அந்த இடத்தில் மை உதிர்ந்து தாளின் வெள்ளை தெரியும். இந்தப் பிரதியில் அந்தக் கோடுகளின் மேல் சிவப்புப் பேனாவால் நிறம் தீட்டியிருக்கிறார்கள். விளக்கின் முன்னால் சரித்துப் பிடித்தால் தீட்டிய இடம் தனியாக மினுங்குகிறது. அட்டையின் உட்பக்கம் மை ஊறி வந்திருக்கிறது. தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிப் பின்களும் புதியவை. பளபளக்கும் பின்னைச் சுற்றித் தாளில் பழைய துருக்கறை வட்டம் எப்படி வந்தது? பக்கத்தில் பழைய பின்னின் துளைகளும் அப்படியே இருக்கின்றன. துருப்பிடித்த பின்னே இருந்திருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் பின் துருப்பிடிக்காமல் எந்தப் புத்தகம் இருந்தது?

இரண்டாவது புத்தகம் 64 பக்கம். அதில் 30ஆம் பக்கத்துக்கு அடுத்து 35 வருகிறது. பின் அடித்த புத்தகத்தில் நடுத்தாள் ஒன்று கழன்றால் சரியாக நான்கு பக்கம் போகும். அட்டையைப் படமெடுத்தவர் பக்க இலக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் போதும். "முழுமையான பிரதி" என்று எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலையே அதுதானே?

மற்ற இரண்டும் சுமார்தான், ஆனால் நேர்மையான பிரதிகள். ஒன்றில் யாரோ சிறுபிள்ளை பெயர் எழுதியிருக்கிறது, மற்றதில் மூலையில் நீர்க்கறை. அவற்றைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை.

நிலை என்பது விற்பவர் மனம்போனபடி சொல்வது அல்ல. வெளிநாடுகளில் 0.5 முதல் 10 வரை அளவுகோல் வைத்துத் தரம் போடுகிறார்கள். அங்கே 9.4 என்றால் கிட்டத்தட்டப் புதியது, 4 என்றால் நன்றாக வாசிக்கப்பட்டு மிஞ்சியது, 0.5 என்றால் அடிமட்டம். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. என்ற தர நிர்ணய நிறுவனம், நிறம் தீட்டிப் பழுதுபார்த்த பிரதிக்கு இலக்கத்தோடு ஊதா நிறச் சீட்டும் போடுகிறது, வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்காக. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 1938ஆம் ஆண்டு இதழ் அன்று அமெரிக்காவில் 10 சதம். 8.5 தரம் பெற்ற அதன் பிரதியொன்று 2024இல் 60 இலட்சம் டொலருக்குப் போனது. அவ்வளவு பழைய இதழ் அந்த நிலையில் கிடைப்பது அபூர்வம் என்பதற்காகத்தான் அந்த விலை. எங்கள் தமிழ் காமிக்ஸ் சந்தை சின்னது, தொகைகளும் சின்னவை. ஆனால் நிலையைப் பார்த்துத்தான் விலை என்ற கணக்கு இங்கேயும் அதேதான். நீங்களும் அப்படித்தான் என்னிடம் காசு வாங்கினீர்கள்.

ஓரம் மடிந்து, பின் துருப்பிடித்து, அட்டையில் நீர்க்கறையோடு அந்த மாயாவியை உள்ளபடியே காட்டியிருந்தால் நான் சந்தோசமாக வாங்கியிருப்பேன், பாதி விலைக்கு. அந்தக் கறையும் மடிப்பும் அது எங்கெல்லாம் தப்பிப் பிழைத்தது என்பதற்கு அடையாளம். ஓரத்தை ஒருமுறை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. இலங்கையில் மிஞ்சியிருக்கும் சொற்பப் பிரதிகளில் ஒன்றை விற்பனைக்காகக் கெடுத்திருக்கிறார்கள். பணத்தைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை. வெட்டியது நீங்களா, உங்களுக்கு விற்றவரா என்பது எனக்குத் தெரியாது. "பழுதுபார்க்கப்படாதது" என்று எழுதியது நீங்கள்.

ஆகவே நான் கேட்பது இவை. நான்கையும் ஒரே தொகுதியாக விற்றதால் 42,000 ரூபாயையும் இரு வழிக் கூரியர் செலவையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். நல்ல இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பம்தான், அவற்றுக்குத் தனி விலை சொன்னால் அதைக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் விளம்பரத்தில் இப்போதும் "மிக நல்ல நிலை" என்று இருக்கும் மற்றப் பழைய இதழ்களைப் பக்கம் எண்ணி, ஓரமும் பின்னும் பார்த்து, திருத்திப் போட வேண்டும். இனி முதுகு, பின், நடுத்தாள் மூன்றுக்கும் படம் போடுங்கள். சுருட்டிப் பொலித்தீன் பையில் போட்டு அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பின்னால் ஒரு கெட்டி மட்டை வைத்தால் போதும்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன். உங்கள் விளம்பரத்தின் பிரதி, பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, வெட்டிய ஓரம், நிறம் தீட்டிய முதுகு, பின், 30ஆம் 35ஆம் பக்கங்கள் ஆகியவற்றின் படங்கள் இத்துடன் உள்ளன. புத்தகங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் வந்து பார்த்தாலும் சரி, நான் அனுப்பினாலும் சரி, எது வசதி என்று அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்