லெந்து காலத்திற்கு முன் சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் சபைகளில் பணிசெய்யும் மதிப்பிற்குரிய குருவானவர்களுக்கும், சபைகளின் தொகுதியாகிய சேகரத்தை நடத்தும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், சபை ஊழியர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துதல்.

லெந்து என்னும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் நெருங்குகிறது. லெந்துகால மாலைக் கூட்டங்களில் யாரைச் செய்தி கொடுக்க அழைப்பது, எந்தெந்த வீடுகளில் ஜெபக்கூட்டம் வைப்பது என்று நீங்கள் பேசத் தொடங்கியிருப்பீர்கள். அந்த நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகுமுன் ஒரு விண்ணப்பத்தை உங்கள்முன் வைக்கிறேன். இந்த 40 நாட்களும் செய்தி கேட்கும் நாட்களாக மட்டும் கடந்துபோகாமல், சபையார் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ, வயலிலோ, கடையிலோ, அலுவலகத்திலோ தாம் பிறருக்குச் செய்துவரும் ஓர் அநீதியையாவது உயிர்த்தெழுந்த ஞாயிறுக்குள் சரிசெய்து முடிக்கும் நாட்களாக அமையும்படி திட்டமிடுங்கள்.

நம் மக்களிடம் பக்தி குறைந்துவிட்டது என்ற புலம்பலை நான் ஏற்பதில்லை. விடியுமுன் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேதம் வாசிக்கும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். இரவு உணவுக்கு முன் ஒரு சங்கீதமும் ஒரு பாட்டும் முழங்காலில் ஒரு ஜெபமும் என்று குடும்ப ஜெபத்தை விடாமல் நடத்தும் வீடுகள் இருக்கின்றன. உலையில் அரிசி இடும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை ஆலயத்துக்கென்று தனியே எடுத்துவைத்த தாய்மாரின் கொடையால் வளர்ந்த ஊழியங்கள் எத்தனையோ உண்டு. 1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களும் வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் இந்தச் சீமையின் எளிய விசுவாசிகளையே நம்பினார்கள். என்னை வளர்த்ததும் இந்தப் பக்திதான். அதனாலேயே, அது முழங்காலிலிருந்து எழுந்த பிறகு எங்கே போகிறது என்று கேட்கும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

இந்தக் கேள்வி நம் வரலாற்றில் புதிதன்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இல்லாமல் இன்றும் நம் ஆராதனை நிறைவதில்லை. கிறிஸ்துவின் பாடுகளைத் தமிழில் அவ்வளவு உருக்கமாகப் பாடியவர்கள் மிகச் சிலரே. ஆயினும் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று மிஷனரிகள் வற்புறுத்தியபோது, அந்த வற்புறுத்தலை எதிர்த்து எழுதியவரும் அவரே. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதியைச் சபைக்குள் முற்றாகவும் உடனடியாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, பல சபைகளில் விசுவாசிகள் திருவிருந்தை விட்டாலும் சாதியை விடமாட்டோம் என்று விலகி நின்றார்கள். அவர்கள் பக்தியற்றவர்கள் அல்லர். நம்மைவிட அதிகமாக ஜெபித்தவர்களாகவும் இருந்திருக்கலாம். கண்ணீரோடு பாடும் நாவும் பக்கத்தில் இருப்பவனோடு உண்ண மறுக்கும் கையும் ஒரே உடலில் பல ஆண்டுகள் சிரமமின்றி வாழ முடியும் என்பதே அந்த நாட்கள் நமக்குச் சொல்லும் கசப்பான செய்தி. தமிழகத்தின் சில கல்லறைத் தோட்டங்களில் இறந்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்கும் வழக்கம் நம் காலம்வரை தொடர்ந்திருக்கும்போது, அது பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

இனி நம் வீடுகளுக்கு வருகிறேன். வீட்டுவேலைக்கு வரும் பெண் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, அதே வாரம் ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் பெயரெழுதிப் போடுகிறோம். தகப்பனார் அடக்க ஆராதனை முடிந்து சில மாதங்களுக்குள், உடன்பிறந்த சகோதரியைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று சொத்தில் அவள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, அவள் மனமுவந்து கொடுத்தாள் என்று சொல்லிக்கொள்கிறோம். பனையேறியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், கூலிக்காரருக்கு வாரக்கணக்கு முடிக்காமல் இழுத்தடிப்பதில் வெட்கப்படுவதில்லை. இவை எவையும் குடும்ப ஜெபத்தில் அறிக்கையிடப்படுவதில்லை. ஏனெனில் நாம் இவற்றைப் பாவம் என்று எண்ணக் கற்பிக்கப்படவில்லை. பொய், குடி, விபசாரம் ஆகியவற்றைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். சகோதரியின் பங்கைப் பற்றிய பிரசங்கம் ஒன்றைக்கூடக் கேட்டதாக நினைவில்லை. வரி வசூலிப்பவனாகிய சகேயுவின் வீட்டுக்கு இயேசு போனபோது அவன் சாட்சி சொல்லவில்லை, பாடவில்லை. தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவதாகவும் சொன்னான். அதைக் கேட்ட பின்னரே, இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தார். பலிபீடத்துக்கு வந்தவன் தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகப் போக வேண்டும் என்று கட்டளையிட்டவரும் அவரே.

திருமண ஓலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று ஞாயிறுகள் ஆராதனையில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்து, தடை ஏதேனும் உண்டா என்று சபையைக் கேட்கிறோம். வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும், பெண் வீட்டார் எத்தனை சவரனுக்காக நிலத்தை ஈடு வைத்தார்கள் என்பதும் ஆலயத்தில் இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. முதல் ஓலைக்குமுன் குருவானவர் இரு வீடுகளுக்கும் நேரில் சென்று இதைக் கேட்பதை உங்கள் சேகரத்தின் வழக்கமாக்குங்கள். கேட்கும் ஒருவர் வருவார் என்பது தெரிந்தாலே சில வீடுகளில் பேச்சு மாறும்.

வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்ற அசரியா, பக்தி அன்றாட வாழ்வில் வெளிப்பட வேண்டும் என்பதைத் தம் ஊழியத்தின் மையத்திலேயே வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலையில் கையை வைத்து, சுவிசேஷத்தை அறிவியாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லும்படி செய்தார். அதே மனிதர் அழுக்கையும் நோயையும் கடனையும் குடியையும் விரட்ட வேண்டிய பிசாசுகளாகக் கருதினார். ஜெபமும் கடனை அடைப்பதும் அவருக்கு ஒரே சீஷத்துவத்தைச் சேர்ந்தவை. ஒடுக்கப்பட்ட சாதிகளாகிய மாலா, மாதிகா மக்களின் அன்றாட வாழ்வில் உண்டான மாற்றத்தைக் கண்ணாரக் கண்ட பிறகே பிற சாதியினர் பலர் அங்கே சபையைத் தேடி வந்தார்கள். நம் ஊர்களில் அண்டை வீட்டார் நம்மிடம் எதைக் காண்கிறார்கள்?

இப்படிச் செய்தால் சபையார் வருத்தப்படுவார்கள், காணிக்கை குறையும், அடுத்த கமிட்டித் தேர்தலில் பகை வரும் என்று நீங்கள் அஞ்சலாம். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. சிலர் வருத்தப்படத்தான் செய்வார்கள். எனவேதான் யாரையும் சபைமுன் நிறுத்தச் சொல்லவில்லை. பெயர்களை வாசிக்கச் சொல்லவுமில்லை. கூட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்த மாலைகளில் குருவானவரும் மூப்பர் ஒருவரும் வீடுகளைச் சந்தித்து, தீர்க்க வேண்டிய கணக்கு ஏதேனும் உண்டா என்று அன்பாய் விசாரிக்கட்டும். பேச முடியாமல் நிற்கும் அண்ணன் தம்பிகளுக்கு நடுவே உட்காரட்டும். திருவிருந்தில் பங்குபெற ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடம் செய்வது நல்லது; அதனோடு, பள்ளியில் தாங்கள் ஒதுக்கிவைத்த ஒரு மாணவனோடு சேர்ந்து உண்பதையும் அந்த வகுப்பின் பாடமாக்குங்கள்.

இதைச் சபையாரிடம் கேட்குமுன் கமிட்டி தன்னிடமே கேட்பது முறை. ஆலய மணியை அடித்து, தரையைப் பெருக்கி, கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யும் பணியாளர்களுக்கும், நம் பள்ளிகளில் அரசு ஊதியமின்றி நிர்வாகம் தரும் சம்பளத்தில் வேலைசெய்யும் ஆசிரியைகளுக்கும் நாம் மாதந்தோறும் கொடுப்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமானதுதானா, நிலுவை ஏதேனும் உண்டா என்பதை அடுத்த கூட்டத்தின் முதற்பொருளாக எடுத்துக்கொண்டு, எடுக்கும் தீர்மானத்தைச் சாம்பல் புதன் ஆராதனையில் சபைக்கு அறிவிக்கும்படி மிகுந்த தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஒரு சபையாள்