ரத்தம் எடுத்த இடம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே சின்னவனுக்குப் பரீட்சை நேரம், வீட்டில் டிவி சத்தமே இல்லை.

உங்கள் தடயவியல் ஆய்வகத்தில் ரத்தத்தில் இருக்கும் சாராயத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ரத்தம், அதோடு அளவு தெரிந்த புரோப்பனால் என்ற இன்னொரு ஆல்கஹால். அலுமினிய மூடியை இறுக்கிச் சூடாக்குவோம். மேலே தேங்கும் ஆவியை ஊசி உறிஞ்சி, கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் இயந்திரத்துக்குள் அனுப்பும். திரையில் ஒவ்வொரு பொருளும் தனித்தனி முகடாக எழும்பும். புரோப்பனால் முகட்டோடு ஒப்பிட்டுத்தான் மற்றதன் அளவைச் சொல்கிறோம். எத்தனாலுக்கு, அதாவது குடிக்கிற சாராயத்துக்கு, முன்னாலேயே விஷச் சாராயமான மெத்தனால் வந்துவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் பார்வையையே பறித்துவிடும். அந்த இடத்தில் கோடு லேசாக மேலே எழுந்தாலும் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இயந்திரத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் ரத்தம் எடுக்கிற இடத்தில்தான். போன மாதம் விபத்தில் இறந்த ஒரு ஓட்டுநரின் ரத்தம் வந்தது. ரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் ஃபுளோரைடு போடவில்லை, நாள்கணக்கில் வெளியிலேயே இருந்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுகல் வாடை. கிருமிகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்துத் தானாகவே எத்தனாலை உண்டாக்கிவிடும். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்த வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இவருக்கு அதைத் தாண்டியிருந்தது. குடித்ததா, குப்பியில் ஊறியதா? கண்ணுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் கெடாது; அதையும் எடுத்து அனுப்பியிருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதே இந்த எண்ணில்தான் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாது என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்து, உயிர் போன பிறகு கல்லீரல், நுரையீரலிலிருந்து கசிந்து இதய ரத்தத்தில் சேர்ந்துவிடும். தொடை ரத்தத்தில் உள்ளதைவிடச் சில மடங்கு கூடக் காட்டும். அதை வைத்து ஒரு மனுஷன் தற்கொலை செய்துகொண்டார் என்று எழுதிவிட முடியுமா?

உன் மகள் அடுத்த மாதம் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவளிடம் இதைப் படித்துக் காட்டு. பிரேதப் பரிசோதனையில் நின்றால் தொடை ரத்தக்குழாயிலிருந்து எடுக்கச் சொல், ஃபுளோரைடு போட்ட குப்பியில். எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு என்று லேபிளில் எழுதட்டும். சந்தேகம் வந்தால் ராத்திரியானாலும் எனக்கு போன் செய்யட்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
ராஜு